ட்ரெஸ்லரின் படத்தில் சேவியர் சொன்னது

ஆஹென் ரயில் நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்த ரெனாட்டெ, கைகுலுக்கி முடிப்பதற்குள் கேட்டார்: "முதலில் சாப்பிடுகிறீர்களா, நேரே அவரைப் பார்த்துவிடலாமா? மத்தியானத்துக்கு மேல் அவருக்கு மூச்சு போதுவதில்லை."

எனக்கு நல்ல பசி. பார்த்துவிடலாம் என்றேன்.

காரில் ஏறியதும் ஒரு காகிதப் பையை என் மடியில் வைத்தார். அந்த ஊரின் எல்லாக் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னாலும் அடுக்கியிருக்கும் பிரின்டன் பிஸ்கட். பட்டையும் கிராம்பும் மணத்தது, ஆனால் கடித்தால் பல்தான் ஆடியது. "கடிக்கக் கூடாது, வாயில் ஊறவிட வேண்டும்" என்றார். நவம்பர் மாதம். மழை தூறிக்கொண்டே இருந்தது. நடுப்பகலிலேயே எல்லாக் கார்களும் விளக்குப் போட்டிருந்தன.

நாங்கள் பார்க்கப் போனது யோவாகிம் ட்ரெஸ்லரை. ஜெர்மனியின் கலைப்பட இயக்குநர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு காலத்தில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ சொல்லப்பட்ட பெயர். இப்போது அவர் பெயரைச் சொன்னால் பலர் "இன்னும் இருக்கிறாரா" என்றுதான் கேட்கிறார்கள். ரெனாட்டெ அவருடைய படங்களின் படத்தொகுப்பாளர். பத்தொன்பது வருடம் மனைவியாகவும் இருந்து, பிறகு விலகிப்போனவர். நுரையீரல் புற்றுநோய் முற்றியபோது, கவனிக்க வேறு ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கிறார்.

நான் சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் ட்ரெஸ்லரின் படங்களைத் திரையிட நினைத்தது. அவற்றுக்கு ஆங்கில வசன வரிகள் எழுதும் வேலை எனக்கு வந்தது. அவருடைய நான்காவது படமான 'ஈரச் சுவர்' எண்பதுகளின் நடுவில் ரூர் பகுதியில் ஓர் அகதி விடுதியில் எடுத்தது. அதில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. இரும்புக் கட்டிலில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். யாரோ தானமாகக் கொடுத்த பெண்கள் கோட்டைப் போட்டிருப்பான். பின்னால் நீர்க்கசிவால் கறுத்த சுவர். ஏழெட்டு நிமிடம் வெட்டே இல்லாமல் தமிழில் பேசுவான். கீழே ஜெர்மன் வரிகள் ஓடும்: "சாலை நீளமாக இருந்தது. அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவிடவில்லை. வண்டியில் அழுகை நின்றதை நான்தான் முதலில் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

அந்த இளைஞன் அதைச் சொல்லவே இல்லை. அவன் சொன்னது வேறு. "தம்பி காயப்பட்டு வீட்டு முத்தத்தில கிடந்தவன். அண்ணை, அண்ணை எண்டு கூப்பிட்டவன். கன நேரம் கூப்பிட்டவன். நான் கிணத்துக்குப் பின்னால இருந்தனான். போகேல்லை."

நாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டுவிட்டு ரெனாட்டெவுக்கு எழுதினேன். பதில் இரண்டு வாக்கியம்: "புறப்பட்டு வாருங்கள். அவருக்கு அதிக நாள் இல்லை."

முதியோர் இல்லம் ஊருக்கு வெளியே, பீட்ரூட் வயல்களைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் பொது மருத்துவமனையில் ஒருவர் சாகக் கிடந்தால் வராந்தாவில் பாய் விரித்து ஒரு தெருவே இருக்கும். இங்கே நீண்ட நடைகூடம், மூடிய கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர். எங்கோ தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரெஸ்லர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பெரிய தலை, குச்சிக் கைகள். மேசையில் ரவைக் கஞ்சி ஆடை படிந்து ஆறியிருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னார்: "இருபது வருடம். அதற்கப்புறம் ஒரு பார்வையாளர் வந்திருக்கிறார்."

"படம் உலகமெல்லாம் போயிற்றே" என்றேன்.

"எல்லாரும் படித்தார்கள். நீங்கள்தான் கேட்டீர்கள்."

அவர் அன்று அதற்கு மேல் பேசவில்லை. தூங்கிப்போனார். அவர் வாழ்க்கையை ரெனாட்டெதான் கீழே சிற்றுண்டிச் சாலையில் உருளைக்கிழங்கு சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார். பிறந்தது சிலேசியாவில். போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஐந்து வயதில், தாயோடு மேற்கு நோக்கி நடந்து வந்தவர். அப்பா திரும்பவே இல்லை. அம்மா துணி ஆலையில் வேலை செய்து வளர்த்தார். தொலைக்காட்சி நிலையத்தில் கேபிள் சுருட்டும் பையனாகச் சேர்ந்து ஒளிப்பதிவு கற்றுக்கொண்டார். முதல் படம் அம்மாவின் ஆலையைப் பற்றியது. இசை கிடையாது, தறிச் சத்தம் மட்டும். அதற்குப் பரிசு கிடைத்தது. இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை. பிறகு 'ஈரச் சுவர்'.

"அதற்கப்புறம்?"

"அதற்கப்புறம் பணம் வந்தது, பெரிய நடிகர்கள் வந்தார்கள். மூன்று படம். ஒன்றைவிட ஒன்று மோசம். கடைசிப் படம் தியேட்டருக்கே வரவில்லை. கொஞ்ச காலம் திரைப்படப் பள்ளியில் பாடம் எடுத்தார். மாணவர்கள் அந்தக் கட்டில் காட்சியைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். நிறையக் குடித்தார். நான் கிளம்பிவிட்டேன்."

மறுநாள் பேருந்தில் தனியாகப் போனேன். பின் இருக்கையில் தமிழ் மாணவன் ஒருவன் தொலைபேசியில் தாயைச் சமாளித்துக்கொண்டிருந்தான். "சாப்டேம்மா, ரைஸ்தான். ஒரே ரெயின், வேற ஒண்ணுமில்ல." அதைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். வயல் நடுவே இறங்கி, முழங்கால்வரை நனைந்து திரும்பி நடந்தேன்.

ட்ரெஸ்லர் விழித்திருந்தார். நான் கேட்க நினைத்ததை அவரே எடுத்தார். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

"எனக்குத் தெரியும். படம் எடுத்த வாரமே நாடாவை வேறு ஊரில் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் வரி வரியாகச் சொன்னார். கிணறு, தம்பி, கூப்பிட்டது. நான் அந்த இளைஞனைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிலேசியாவிலிருந்து நடந்தபோது என் தங்கை வண்டியில் இருந்தாள். எட்டு மாதக் குழந்தை. அழுகை நின்றதும் அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா நின்றுவிடுவாள், நின்றால் எங்களை விட்டுவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள் என்று பயந்தேன். அம்மா சாகும்வரை அவளிடம் சொல்லவில்லை."

அறையின் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த ரெனாட்டெவின் கை நின்றது. அவருக்கும் அது புதிது என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"என் வாயால் சொல்ல முடியவில்லை. அவன் வாயில் போட்டுவிட்டேன்" என்றார் ட்ரெஸ்லர். "படத்தைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடப் போகிறார்கள். நான் போவதற்குள் சரியான வரிகளை எழுதிக்கொடுங்கள்."

உடனே எழுதியிருப்பேன். அதற்காகத்தான் வந்தேன். ரெனாட்டெதான் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முதலில் அந்த மனிதரைக் கேட்க வேண்டும்."

அந்த மனிதர் உயிரோடு இருந்தார். பெயர் சேவியர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பீலெஃபெல்டிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாராம். ட்ரெஸ்லர் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டு, படத்தின் பெயரைச் சொன்னேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாளைக்கு எனக்கு லீவு. வாங்கோ" என்றார்.

ஹாம் நிலையத்தில் ரயில் மாறி, ஊரைத் தாண்டியதும் வண்டி வெட்டவெளியில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு நீளமான சொல் வந்தது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் ரயில் சற்றுத் தாமதமானாலே கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், இப்போது பெட்டியே அமைதியாக இருந்தது. எதிரில் இருந்த மூதாட்டி என்னிடம் குனிந்து, "யாரோ முன்னால் பாய்ந்துவிட்டார்கள்" என்றார். "நவம்பரில் அதிகம்." பிறகு பையைத் திறந்து, சீஸ் வைத்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். வெளியே மஞ்சள் சட்டை போட்டவர்கள் தண்டவாளத்தோரம் குனிந்து நடந்துபோனார்கள். நாங்கள் ரொட்டி தின்றோம்.

சேவியர் நிலையத்தில் அவ்வளவு நேரமும் காத்திருந்தார். படத்தில் பார்த்த மெலிந்த முகம் இல்லை. தொப்பை, முன்வழுக்கை, முழங்கையில் அடுப்புச் சூடுபட்ட தழும்புகள். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. "குளிருது, ஏறுங்கோ தங்கச்சி" என்றார். தங்கச்சி என்றதும் நானும் அண்ணா என்றேன்.

வீட்டுக்குள் கருவாட்டுக் குழம்பு வாசனை. "கீழ் வீட்டு மனிசி மகளிட்டப் போயிட்டா. அவ இருந்தா இது சமைக்கேலாது, முறைப்பாட்டுக் கடிதம் போட்டிடுவா" என்று சிரித்தார் அவர் மனைவி ஜெசிந்தா. புட்டும் குழம்புமாக மூன்று முறை வைத்தார். மகள் மருத்துவமனையில் தாதிப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சுவரில் மாதா படம், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த மகளின் படம். மன்னாரில் மறுபடி ஷெல் விழத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. சாப்பிடும்போது சேவியர் ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அங்கே இருந்தார். நான்கு நாளாக இணைப்புக் கிடைக்கவில்லை.

ஜெசிந்தா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசை விரிப்பைத் தடவியபடி கேட்டார்.

"கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் ஏர்போட்டில வந்து இறங்கின அடுத்த மாதம் அந்தப் படம்" என்றார். "கமராவுக்கு முன்னால உம்மட கதையைச் சொல்லும் எண்டவர். அங்க தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளும் இல்லை. அதாலதான் சொன்னனான். ஒருத்தருக்கும் விளங்காது எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"முதல் நாள் படம் காட்டேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போனவை. பெரிய மண்டபம். எனக்கு அப்ப இந்த டொச் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. நான் கதைக்கிற இடம் வந்திச்சு. பக்கத்தில இருந்த மனிசி அழுறா. முன்னால ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். முடிஞ்ச பிறகு சனம் வரிசையா வந்து என்ர கையைப் பிடிச்சவை. கீழ எழுத்து ஓடினபடியால் நான் சொன்னது அவைக்கு விளங்கிப்போச்செண்டு நினைச்சன். முதல்ல பயந்தனான். பிறகு, தம்பி யூட்டுக்காகத்தான் அழுகினம் எண்டு நினைச்சன். செத்தவீடு செய்யேலாமல் போன பிள்ளை, தங்கச்சி. அவனுக்கு இதுதான் செத்தவீடு எண்டு எடுத்துக்கொண்டன். அதுக்காகத்தான் அவருக்குக் காட் அனுப்புறனான்."

"எப்போது தெரிந்தது, அண்ணா?"

"கன வருசத்துக்குப் பிறகு ரீவியில போட்டவங்கள். அப்ப டொச் வாசிப்பன். இவவும் மகளும் பக்கத்தில. கீழ றோட்டெண்டு வருது, வண்டில் எண்டு வருது. வேற ஆரின்ரையோ கதை. மகள் சின்னப்பிள்ளை, நான் கதைக்கிற இடம் வர முன்னமே படுத்திட்டாள். இவ கேட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் முடியுமட்டும் இருந்தன். விடிய எழும்பி வேலைக்குப் போனன்."

"அப்புறமும் அட்டை அனுப்பினீர்களே."

"விட ஏலாமப் போச்சு" என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "அவருக்குத் தெரியுமோ, நான் என்ன சொன்னனான் எண்டு?"

தெரியும் என்றேன். படம் எடுத்த வாரத்திலிருந்தே தெரியும்.

சேவியர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். தெருவில் ஒரு சிறுமி நனைந்த நாயை இழுத்துக்கொண்டு போனாள். அவள் திருப்பத்தில் மறைந்ததும், "நாளைக்கு நானும் வாறன்" என்றார். "வேலைக்கு வரேலாது எண்டு சொல்லுறன்."

அவருடைய காரில் போனோம். வழி நெடுக லாரிகள், கண்ணாடியில் அடிக்கும் சேற்றுத் தண்ணீர். மன்னார்ச் செய்திக்காக இணைய வானொலியை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார், அதைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் நிறுத்தினார். ஓர் எரிபொருள் நிலையத்தில் நின்று, காகிதக் குவளையில் காபி குடித்தோம். அப்போதுதான், "அம்மாவுக்கு யூட் உடன செத்திட்டான் எண்டுதான் சொல்லிவைச்சிருக்கிறன். நோவு தெரியாமச் செத்தவன் எண்டு" என்றார்.

அறைக்குள் நுழைந்ததும் ட்ரெஸ்லர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். எழ முயன்றார். ரெனாட்டெ தோளைப் பிடித்துச் சாய்த்தார். சேவியர் கட்டிலின் கால்மாட்டில், கைகளை மேற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

ட்ரெஸ்லர் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். தான் செய்தது திருட்டு என்றார். புதுப் பிரதியில் சேவியருடைய சொற்களே வரும், தம்பியின் பெயரும் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்றார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சேவியர் ஜெர்மனில்தான் பேச ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்ர டொச் இதுக்குக் காணாது. நீங்கள் சொல்லுங்கோ. என்ர அம்மா இன்னும் உயிரோட இருக்கிறா. இதுவரைக்கும் எங்கட சனம் ஒருத்தரும் இதைக் கவனிக்கேல்லை, தம்பியின்ர பேரோட வெளியில வந்தா ஆரோ ஒருத்தன் கொப்பி எடுப்பான், ஊருக்குப் போகும். தன்ர பிள்ளை முத்தத்தில கிடந்து கத்தினதும், மற்றப் பிள்ளை ஒளிச்சிருந்ததும் அவவுக்குத் தெரியவரும். இவர் நிம்மதியாச் சாக, என்ர அம்மா அதைக் கேட்டுச் சாகவேணுமோ? கேளுங்கோ."

ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ட்ரெஸ்லர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு நேரம் இல்லையே" என்றார். சிறுபிள்ளையின் குரலாக இருந்தது அது. பிறகு, "அவர் சொல்வது சரி" என்றார்.

சேவியர் இம்முறை தானே ஜெர்மனில் கேட்டார்: "எழுத்தில் வருவது யாருடைய அம்மா?"

"என்னுடைய அம்மா."

"வண்டியில் அழுத பிள்ளையின் பெயர்?"

"ஹன்னெ."

சேவியர் தலையாட்டினார். ட்ரெஸ்லர் போர்வைக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி அது கொஞ்ச நேரம் கட்டிலின் மேல் கிடந்தது. சேவியர் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. "போயிட்டு வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கார் நிறுத்துமிடத்தில் ரெனாட்டெவிடம் தன் முடிவைச் சொன்னார். வரிகளை மாற்ற வேண்டும், கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் அம்மா இருக்கும்வரை வேண்டாம். புதுப் பிரதி வருவதானால் பழைய எழுத்தோடே வரட்டும். ரெனாட்டெ சரி என்றார். அவர் போன பிறகு சேவியர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"கை குடுத்திருக்கலாம்" என்றார்.

"திரும்பிப் போகலாமா, அண்ணா?"

"ஏலாது."

நான் சென்னை திரும்பிய வாரம் ட்ரெஸ்லர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்ததாக ரெனாட்டெ எழுதியிருந்தார். பத்திரிகைக் குறிப்புகளை வெட்டி அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் அந்தக் கட்டில் காட்சிதான். அகதியின் துயரத்தை இவ்வளவு எளிய சொற்களில் யாரும் காட்டியதில்லை என்று புகழ்ந்து, சாலை நீளமாக இருந்தது என்ற வரியை மேற்கோளாகப் போட்டிருந்தார்கள். பழைய வரிகளோடேயே படம் புதிதாக வெளிவந்தது.

இங்கே வரிகள் இல்லாமலே எல்லாருக்கும் அவர் தமிழ் புரியும் என்பதால், எங்கள் சங்கத்தின் திரையிடலை நான் தள்ளிப்போடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், பிரதி சரியில்லை என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. மன்னாரிலிருந்து சனங்கள் வன்னிக்குள் போனதையும், அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளப்பட்டதையும் செய்திகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். சேவியர் இடையில் இரண்டு முறை பேசினார். அம்மா எங்கே என்று தெரியவில்லை என்றார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான் வகுப்பில் இருந்தேன். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"அம்மா போயிட்டா, தங்கச்சி."

அவரே சொன்னார். "ஷெல் இல்லை. காய்ச்சல். மருந்து இல்லை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ வைச்சிருந்தவையாம். போய் மூண்டு கிழமை, எங்களுக்கு இப்பதான் தெரியும்."

அவர் பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். தொழிற்சாலையிலிருந்து பேசுகிறார் என்று புரிந்தது.

"இனி எழுதலாம்" என்றார். "யூட்டின்ர பேரையும் போடுங்கோ. நான் எப்படிச் சொன்னனோ அப்படியே போடுங்கோ. அழகாக்கி வடிவாக்க வேண்டாம்."

"மகளுக்கு, அண்ணா?"

"நேற்றுச் சொன்னனான். நானே சொன்னனான்."

"என்ன சொன்னாள்?"

"இண்டைக்கு விடிய என்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி மேசையில வைச்சிட்டு வேலைக்குப் போயிட்டாள்."